கல்லீரல் வெட்டினா வளரும், சரி. குடிச்சா?

அரியாங்குப்பம் தம்பி | 2 பிப்ரவரி 2025, மாலை 6.10

எங்க மாமாவுக்கு வயசு 47. முள்ளோடை சாராயக்கடைப் பக்கம் போனா வெறுங்கையோட திரும்ப மாட்டார். போன வாரம் ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் (கல்லீரல்ல கொழுப்பு) கிரேடு 2-ன்னு வந்திருக்கு. அத்தை அழறாங்க, இவர் சிரிக்கிறார். "கல்லீரலைப் பாதி வெட்டினாலே தானா வளந்துடும்டா, இதெல்லாம் ஒரு விஷயமா"ங்கறார். யூட்யூப்ல ஒரு டாக்டரே சொன்னாராம். வளர்றது நிஜமா? நிஜம்னா இவர் சொல்றதுல என்ன தப்பு? எனக்குப் பதில் சொல்ல வரல.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 2 பிப்ரவரி, இரவு 9.45

வளர்றது நிஜம். என் வயித்துலயே வளர்ந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல எங்க அண்ணனுக்கு என் கல்லீரலோட வலது பக்கத்தைக் கொடுத்தேன். போனது 64 சதவீதம், மிச்சம் 36. மூணே மாசத்துல முழுசா வளர்ந்துடுச்சு. ஆனா மாமா சொல்றது தப்பு. ஏன்னு நாளைக்கு எழுதறேன், 41 பேப்பர் திருத்தணும்.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 3 பிப்ரவரி, காலை 6.20

ராத்திரி எழுதினதுல ஒரு பொய் இருக்கு. "முழுசா"ன்னு போட்டுட்டேன். எழுந்ததும் பீரோவுலேர்ந்து ஃபைலை எடுத்துப் பாத்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடி சி.டி. ஸ்கேன் கணக்குப்படி மொத்தம் 1,140 மி.லி. வெட்டினப்புறம் மிச்சம் சுமார் 410. மூணாம் மாசம் 960, அதாவது பழைய அளவுல 84 சதவீதம். ஒரு வருஷம் கழிச்சும் ஆயிரத்தைச் சுத்தியே நிக்குது. அதுக்கு மேல அதுவும் முயற்சி பண்ணல, நானும் கேக்கல.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 3 பிப்ரவரி, இரவு 10.05

இன்னொண்ணையும் திருத்திடறேன். இங்க எழுதினது இல்ல, வகுப்புல சொன்னது. 22 வருஷமா விலங்கியல் எடுக்கறேன். "பல்லிக்கு வால் மாதிரி மனுஷனுக்குக் கல்லீரல்"னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவேன். அந்த வரியே தப்பு. பல்லிக்கு அறுந்த இடத்துல புதுசா வால் முளைக்குது. எனக்கு வெட்டின இடத்துல எதுவும் முளைக்கல. வலது பக்கம் போனது போனதுதான். மிச்சமிருந்த இடது பக்கம் பருத்து, காலியான இடத்துக்கு நகர்ந்து வந்து உக்காந்துக்கிச்சு. ஸ்கேன் எடுக்கற பொண்ணு முதல் தடவை திரையைப் பாத்துட்டு, "என்னம்மா, வேற மாதிரி இருக்கே"ன்னு கேட்டுச்சு. சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினேன். பித்தப்பையையும் சேத்து எடுத்துட்டாங்க, அது ஜென்மத்துக்கும் வராது.

1931-லயே இதைக் கணக்கா காட்டியிருக்காங்க. ஹிக்கின்ஸ், ஆண்டர்சன்னு ரெண்டு பேர். எலிக்குக் கல்லீரல்ல மூணுல ரெண்டு பங்கை எடுத்தாங்க. எலிக்கு அது தனித்தனி மடலா தொங்குறதால மடலை அடியில கட்டிட்டு எடுத்துடலாம், மிச்சத்துல காயமே கிடையாது. ஏழு முதல் பத்து நாள்ல பழைய எடைக்கு வந்துடுச்சு. எடுத்த மடல் திரும்பல. விட்ட மடல் பெருத்துச்சு. இன்னிக்கும் கல்லீரல் வளர்ச்சி ஆராய்ச்சி நிறைய அதே வெட்டை வெச்சுத்தான் நடக்குது.

இப்போ மாமா விஷயம். எனக்கும் எலிக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. வெட்டினப்புறம் மிச்சமிருந்தது நல்ல கல்லீரல். மாமாவுக்கு யாரும் வெட்டல, தினம் கொஞ்சம் கொஞ்சமா எரியுது. செல் சாகுது, பக்கத்துச் செல் பெருகி இடத்தை நிரப்புது, மறுபடி சாகுது. இதுக்கு நடுவுல நட்சத்திரச் செல்னு ஒண்ணு, வழக்கமா வைட்டமின் ஏ-யைச் சேத்து வெச்சுக்கிட்டு சும்மா கிடக்கறது, விழிச்சுக்கிட்டு நார் நூக்க ஆரம்பிக்குது. புண்ணுக்குத் தழும்பு போடறதுதான் அது வேலை. பத்து வருஷம் தழும்பு போட்டா என்ன ஆகும்? செல் வளராம போறதில்ல. வளருது. நாரு கட்டின வேலிக்குள்ள உருண்டை உருண்டையா வளருது. அதுதான் சிரோசிஸ். மாமாவோட வாதம் அங்கதான் கவுந்துடுது: சிரோசிஸ் வந்த கல்லீரலும் வளர்ந்துக்கிட்டேதான் இருக்கு.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 4 பிப்ரவரி, மதியம் 1.15

"நூக்க" இல்ல, "நூற்க". சாப்பாட்டு இடைவேளையில பாத்தேன். தமிழ் ஐயா கண்ணுல படறதுக்கு முன்னாடி.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 6 பிப்ரவரி, இரவு 8.30

காட்டுமன்னார்கோயில் ஐயா கேட்டது நல்ல கேள்வி: "வளர்ந்துக்கிட்டே இருக்குன்னா வேலை செய்ய வேண்டியதுதானே, ஏன் வயித்துல தண்ணி கட்டுது?"

ஐயா, உங்க ஊரு வீராணத்தை வெச்சே சொல்றேன். கல்லீரலுக்கு நிமிஷத்துக்கு ஒண்ணரை லிட்டர் ரத்தம் போகுது. அதுல முக்கால்வாசி குடல்லேர்ந்து போர்ட்டல் சிரை வழியா வர்றது. அது ஏரி. ஏரியிலேர்ந்து மதகு, மதகுலேர்ந்து வாய்க்கால், வாய்க்கால் ஓரமா ஒரே வரிசையா நாத்து: அதுதான் கல்லீரல் செல். ஒவ்வொரு செல்லும் ரத்தத்தைத் தொட்டுக்கிட்டு நிக்கணும். சிரோசிஸ்ல வாய்க்கால் தூர்ந்து போகுது. பயிர் செழிப்பாத்தான் தெரியும், தண்ணி பாயாது. மதகு அடைச்சா ஏரி என்ன பண்ணும்? கரை மேல ஏறும், கசியும், பலவீனமான இடத்துல உடைக்கும். வயித்துக்குள்ள கசிஞ்சா அசைட்டிஸ். உணவுக்குழாய் ரத்தக்குழாய் புடைச்சு வெடிச்சா ரத்த வாந்தி.

எங்க அண்ணனுக்கு ரெண்டும் வந்துச்சு. 2020 டிசம்பர்ல ஒரு ராத்திரி அண்ணி போன் பண்ணாங்க, வார்த்தை வரல. நான் போறதுக்குள்ள வாஷ்பேசின் பூரா காப்பித்தூள் கரைச்ச மாதிரி கறுப்பும் சிவப்புமா. எண்டோஸ்கோப்பியில வளையம் போட்டு நிறுத்தினாங்க. அப்புறம் மாசம் ரெண்டு தடவை வயித்துல ஊசி ஏத்தித் தண்ணி எடுக்கறது. கட்டிலுக்குக் கீழ பாட்டில் நிறையும், பதநீர் நிறத்துல, தெளிவா. ஒரு தடவை அஞ்சு லிட்டர். அண்ணன் அதையே பாத்துக்கிட்டு, "உள்ள போன தண்ணி வேற, வெளிய வர்ற தண்ணி வேற பாப்பா"ன்னு சொன்னான். நர்ஸ் சிரிச்சுட்டாங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்கிச்சு.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 9 பிப்ரவரி, காலை 11.40

ஞாயித்துக்கிழமை. ஈரல் வாங்கப் போனேன். இந்த இழைக்காகவே கொஞ்சம் நின்னு பாத்தேன்.

கடைக்காரர் கொக்கியிலேர்ந்து எடுத்து வாழை இலையில போட்டார். கட்டைவிரலால அமுத்தினா குழியுது, விட்டா மெதுவா நிமிருது. ஓரம் பிளேடு மாதிரி மெலிசு. மேல கண்ணாடிக் காகிதம் கணக்கா ஒரு தோல், அதுல குழல் விளக்கு தெரியுது. கத்தி பட்டதும் வழுக்கிப் பிரிஞ்சுது, சத்தமே இல்ல. நல்ல கல்லீரல் அப்படித்தான்.

அண்ணனோட பழசை சர்ஜன் போன்ல போட்டோ காட்டினார். பண்ருட்டிப் பலாத்தோல் மாதிரி முண்டு முண்டா. நிறம் பழுப்பு. வெட்டும்போது நறநறன்னு மண்ணை அறுக்கற மாதிரி இருக்கும்னார்.

கால் கிலோதான் வாங்கினேன். மிளகு போட்டு வறுத்தேன். சாப்பிட்டேனான்னு கேக்காதீங்க. சாப்பிட்டேன்.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 10 பிப்ரவரி, இரவு 9.10

பாகூர்க்காரர் சரியா பிடிச்சார்: பலாத்தோல் முள்ளு, சிரோசிஸ் உருண்டை, அதனால சீத்தாப்பழம்தான் பொருத்தம்னு. ஒத்துக்கறேன். பண்ருட்டியை இழுக்கணும்னு ஆசையில எழுதிட்டேன்.

"கல்லீரல்ல இருக்கற கல் இதுதானா"ன்னும் கேட்டிருக்கார். சொல் வரலாறு தமிழ் ஐயா துறை. சிரோசிஸ்ங்கற சொல்லைப் பத்தி எனக்குத் தெரியும்: அது கல்லைப் பத்தினது இல்ல, நிறத்தைப் பத்தினது. ஸ்டெதஸ்கோப் கண்டுபிடிச்ச லென்னக்தான் 1819-ல அந்தப் பேரை வெச்சார். கிரேக்கத்துல பழுப்பு மஞ்சள்னு அர்த்தம். கெட்டியா இருந்ததை விட்டுட்டு நிறத்தைப் பிடிச்சிருக்கார் மனுஷன்.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 10 பிப்ரவரி, இரவு 9.50

துய்ப்ளே வீதிக்காரர் திருத்தறார்: லென்னக் இல்ல, "லாயென்னெக்". பாண்டிச்சேரியில பிரெஞ்சு படிச்சவங்க முன்னாடி வாயைத் திறக்கக் கூடாது.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 16 பிப்ரவரி, மாலை 5.00

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதிக்கு வரேன். மருத்துவமனையில படுத்திருந்தப்போ மண்டைக்குள்ள ஓடினது ஒரே கேள்வி: வெட்டினாங்கன்னு மிச்சத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?

கல்லீரல் செல் சும்மா இருக்கற காலத்துல பிரியறதே அபூர்வம். வெட்டின ஒரு நாள்ல, எலியில, கூட்டமா டி.என்.ஏ.வை இரட்டிக்க ஆரம்பிச்சுடும். 1967-ல மூல்ட்டன், நான்சி புச்சர்னு ரெண்டு பேர் ரெண்டு எலியோட ரத்த ஓட்டத்தைக் குழாய் போட்டு ஒண்ணா இணைச்சாங்க. ஒரு எலிக்கு மட்டும் கல்லீரலை வெட்டினாங்க. வெட்டாத எலியோட கல்லீரலும் பிரிய ஆரம்பிச்சுது! அப்போ சேதி ரத்தத்துலதான் போகுது. அந்தச் சேதி எதுன்னு தேடி, 1984-ல ஜப்பான்ல நகமுராவோட குழு ஒரு புரதத்தைப் பிரிச்செடுத்துச்சு. கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமா எச்.ஜி.எஃப். அது ஒண்ணு மட்டுமில்ல, சுத்தி ஒரு பட்டாளமே இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது. வெட்டின சில நிமிஷத்துலயே மிச்சப் பகுதிக்குப் பாயற ரத்தத்தோட அழுத்தம் ஏறுதே, அதுவும் ஒரு சேதிதான். ஏரித் தண்ணி அவ்வளவும் இருக்கற மூணு வாய்க்கால்ல பாயணும்ல.

அதைவிடப் பெரிய கேள்வி, எங்க நிறுத்தணும்னு எப்படித் தெரியுது? 1987-ல நாய்களுக்குச் செஞ்ச மாற்று அறுவையில, சின்ன நாயோட கல்லீரலைப் பெரிய நாய்க்கு வெச்சா பெரிய நாய் அளவுக்கு வளர்ந்துச்சு. அளவை முடிவு பண்றது கல்லீரல் இல்ல, உடம்பு. சுண்டெலியில "யாப்"ங்கற, செல்லைப் பெருகச் சொல்ற புரதத்தை அடங்காம ஓட விட்டுப் பாத்தாங்க, 2007-ல. உடம்பு எடையில 5 சதவீதம் இருக்க வேண்டிய கல்லீரல் 25 சதவீதம் ஆயிடுச்சு. நிறுத்தினா சுருங்குச்சு. நிறுத்தாம விட்டதுல புற்று வந்துச்சு. அதனாலதான் "வளர்ச்சி மருந்து" ஊசி ஒண்ணு போட்டு சிரோசிஸைச் சரி பண்ணிட முடியாது. வேலிக்குள்ள அடைஞ்சு கிடக்கற செல்லை இன்னும் பெருகுன்னு விரட்டினா அது எந்தப் பக்கம் போகும்? சிரோசிஸ் உள்ளவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கச் சொல்றதே புற்றைப் பயந்துதான்.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 17 பிப்ரவரி, காலை 6.05

மேல "கல்லீரல் செல் சும்மா இருக்கற காலத்துல பிரியறதே அபூர்வம்"னு எழுதினேனே, அதை அப்படியே எடுத்துக்காதீங்க. 1950, 60-கள்ல வானத்துல அணுகுண்டு வெடிச்சுச் சோதனை பண்ணாங்கல்ல, காத்துல கார்பன்-14 எகிறிச்சு, அப்புறம் வருஷா வருஷம் குறைஞ்சுது. அந்தக் குறையற கணக்கை வெச்சு செல்லுக்கு வயசு பாக்கலாம். ஜெர்மனியில ஒரு குழு 2022-ல, 20 வயசுலேர்ந்து 84 வரைக்கும் இருந்தவங்களோட கல்லீரலை அளந்துச்சு. செல்லோட சராசரி வயசு மூணு வருஷத்துக்கும் கீழ. கிழவருக்கும் அதே. சில செல் மட்டும், டி.என்.ஏ. ரெண்டு மடங்கு, நாலு மடங்கு வெச்சிருக்கறது, பத்து வருஷம் வரை தாங்குமாம்.

கணக்குப் போட்டா, நான் அண்ணனுக்குக் கொடுத்த செல் பெரும்பாலும் இப்போ இல்ல. அதோட பிள்ளை, பேரன்தான் ஓடிக்கிட்டிருக்கு. அவன்கிட்ட சொன்னேன். "அப்போ பங்கு கேக்க வராத"ன்னான்.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 25 பிப்ரவரி, இரவு 10.30

கீழாநெல்லி கல்லீரலைச் சரி பண்ணுமான்னு மூணு பேர் கேட்டாச்சு, ஒருத்தர் திட்டியும் ஆச்சு.

முதல்ல நான் "சும்மா கதை"ன்னு போட்டதை அழிச்சுட்டேன். அது நியாயமில்ல. 1988-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆராய்ச்சி நம்ம சென்னையில நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துல தியாகராஜன் குழுவும், ஹெபடைட்டிஸ் பி கண்டுபிடிப்புக்காக 1976-ல நோபல் வாங்கின பிளம்பர்க்கும் சேர்ந்து செஞ்சது. அந்த பி வைரஸ் உடம்புலயே தங்கிட்டவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி. 37 பேர்ல 22 பேருக்கு வைரஸோட மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது வைரஸ் இருக்குன்னு ரத்தத்துல காட்டற அடையாளம், மறைஞ்சுது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்கு. படிச்சா யாருக்கும் புல்லரிக்கும். சிக்கல் என்னன்னா, மத்த இடங்கள்ல செஞ்சப்போ அந்தப் பலன் திரும்ப வரல. ஆராய்ச்சியில ஒரு தடவை வர்றது போதாது.

ஆனா எங்க ஆத்தா வாய்க்கால் ஓரத்துல பறிச்சு அரைச்சு மோர்ல கலக்கிக் கொடுத்து எனக்கு மஞ்சள் காமாலை போச்சே? போச்சுதான். எனக்கு வந்தது தண்ணியால வர்ற வகையா இருந்திருக்கணும். அது பெரும்பாலான பிள்ளைங்களுக்குச் சில வாரத்துல தானாவே போயிடும். கீழாநெல்லிக்குப் பேர், மோருக்குக் குளிர்ச்சி, வேலை செஞ்சது கல்லீரல். காமாலைங்கறது ஒரே நோய் இல்ல. பித்தக்குழாய்ல கல் அடைச்சாலும் மஞ்சள், புற்று வந்தாலும் மஞ்சள். மோர் குடிச்சுக்கிட்டே ரெண்டு மாசம் ஓட்டிட்டுக் கடைசியில ஸ்கேனுக்கு வந்தவரை நான் அந்த வார்டுலயே பாத்தேன்.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 5 மார்ச், இரவு 11.00

பொதுத்தேர்வு வேலை, அதான் காணோம். ஒருத்தர் தனிச்செய்தியில கேட்டார்: "மறுபடி கேட்டா கொடுப்பீங்களா?"

மறுபடி கொடுக்க முடியாது, அது முதல் விஷயம். ஒரு தடவைதான்.

கொடுத்திருப்பேனான்னா, தெரிஞ்சே கொடுத்திருப்பேன், ஆனா இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியிருக்க மாட்டேன். வலது பக்கம் கொடுக்கறவங்கள்ல ஆயிரத்துக்கு ரெண்டு முதல் அஞ்சு பேர் வரை உயிரே போக வாய்ப்புன்னு ஒரு டாக்டர் நேர்மையா உக்கார வெச்சுச் சொன்னார். நான் அதைக் கேக்காத மாதிரி கேட்டேன். அம்மாதான் "அவன் குடிச்சதுக்கு நீ ஏன்டி படுக்கணும்"னு ஒரு தடவை கேட்டாங்க, அதுக்கப்புறம் வாயே திறக்கல. அன்னிக்கு வார்டுல கொடுத்தவங்க நாலு பேர் படுத்திருந்தோம். மூணு பேர் பொம்பளைங்க: ஒரு பொண்டாட்டி, ஒரு அம்மா, நான். அந்த நாலாவது பையன் அப்பாவுக்குக் கொடுத்தான். அவனைப் பாக்க ஊரே வந்துச்சு. எங்களைப் பாக்க வந்தவங்க "எப்போ சமைக்க ஆரம்பிப்பீங்க"ன்னு கேட்டாங்க.

அப்புறம் காகிதம், கூடப் பொறந்தவங்கதான்னு காட்டறதுக்கு. அண்ணன் ரேஷன் கார்டுல அப்பா பேருக்கு ஒரு "ன்", என் கார்டுல "ம்". புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல அந்த ஒரு எழுத்துக்காக ஒன்பது நாள் அலைஞ்சேன். ஓர் அலுவலகத்துல "ஒரே அப்பாதானா"ன்னு கேட்டாங்க. நாலு பேர் இருந்த அறையில.

1998 நவம்பர்ல டெல்லியில நாட்டோட முதல் வெற்றிகரமான குழந்தை கல்லீரல் மாற்று நடந்துச்சு. குழந்தை காஞ்சிபுரம், ஒண்ணரை வயசு தாண்டியிருந்துச்சு. கொடுத்தது அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டர் ஆயிடுச்சு. படுத்திருந்தப்போ இதைத்தான் நெனச்சுக்கிட்டேன். எங்க அண்ணன் டாக்டர் ஆகப் போறதில்ல, டெம்போதான் ஓட்டறான். பரவால்ல.

மஞ்சக்குப்பம் டீச்சர் | 8 மார்ச், காலை 7.00

"ஆள் இல்லாதவங்களுக்கு என்ன வழி"ன்னு கேட்டவருக்கு. மூளைச்சாவு அடைஞ்சவங்ககிட்டேர்ந்து கிடைக்கறது ஒரு வழி, பதிவு பண்ணிக் காத்திருக்கணும். ஆராய்ச்சியில நான் கண்ணு வெச்சிருக்கறது ஒண்ணு: அமெரிக்காவுல 2024-ல ஒருத்தருக்கு, யாரோ தானம் பண்ணி மாற்று அறுவைக்கு ஆகாத கல்லீரல்லேர்ந்து செல்லைப் பிரிச்சு, எண்டோஸ்கோப்பி வழியா வயித்துக்குள்ள இருக்கற நிணநீர் முடிச்சுல (கழுத்துல நெறி கட்டுமே, அது மாதிரி முடிச்சு) செலுத்தினாங்க. அங்க குட்டிக் கல்லீரல் ஒண்ணு வளருதான்னு சோதனை. எலி, பன்றி, நாய்னு முன்னாடி பாத்துட்டுத்தான் வந்திருக்காங்க. பழைய வேலிக்குள்ள மல்லுக்கட்டாம வேற மனையில வீடு கட்டற யோசனை. புத்திசாலித்தனம்.

அரியாங்குப்பம் தம்பி | 23 மார்ச், மாலை 7.30

டீச்சர், மாமாவை ஒரு வழியா இழுத்துட்டுப் போனோம். ஃபைப்ரோஸ்கேன் 13.8. எஸ்ஜிஓடி 142, எஸ்ஜிபிடி 61. பிளேட்லெட், அதான் தட்டணு, 1.35 லட்சம். டாக்டர் குடியை நிறுத்திட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டார். இது சிரோசிஸா?

மஞ்சக்குப்பம் டீச்சர் | 23 மார்ச், இரவு 9.20

நான் டாக்டர் இல்ல தம்பி. படிக்கத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

அந்த 13.8 கிலோபாஸ்கல், கல்லீரல் எவ்வளவு கெட்டின்னு அளக்கறது. விலாவுல ஒரு தட்டு தட்டி அதிர்வு எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாக்கறது. கெட்டியா இருந்தா வேகம். கடையில நான் கட்டைவிரலால பண்ணதை மெஷின் பண்ணுது, அவ்வளவுதான். 10-க்குக் கீழ நிம்மதி, 15-க்கு மேல பயம், நடுவுல சந்தேகம். ஆனா குடிச்சுக்கிட்டிருக்கறப்போ வீக்கமும் சேர்ந்து எண்ணை ஏத்திக் காட்டும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் கல்லீரல் செல் அடிபட்டா ரத்தத்துல ஏறற நொதி; முதல்து ரெண்டாவதை விட ரெண்டு மடங்கு தாண்டியிருக்கறது சாராயத்தோட கையெழுத்து. தட்டணு குறைஞ்சிருக்கறதைத்தான் நான் கவனிப்பேன், அதை டாக்டர்கிட்ட தனியா கேளு. நிறுத்திட்டு மறுபடி அளந்தாத்தான் எது வீக்கம், எது தழும்புன்னு பிரியும். கொழுப்பு மட்டும்னா சில வாரத்துலயே வடிய ஆரம்பிக்கும். தழும்பு கொஞ்சமா இருந்தா வருஷக்கணக்குல கரையவும் செய்யும்.

ஒண்ணு முக்கியம். இத்தனை வருஷம் தினம் குடிச்சவர் ஒரே நாள்ல வீட்டுல வெச்சு நிறுத்தக் கூடாது. எங்க அண்ணனுக்கு மூணாம் நாள் கை நடுங்கி, சுவர்ல பாம்பு போகுதுன்னு கத்தி, வலிப்பே வந்துடுச்சு. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையோட நிறுத்துங்க. கோரிமேடு ஜிப்மர் பக்கத்துலதானே, அங்கயே கேக்கலாம்.

டீச்சருக்கு வணக்கம் மாமா | 6 ஏப்ரல், மாலை 4.15

நான்தான் அந்த மாமா. 13 நாள் ஆச்சு. டீச்சர், பீர் கணக்குல வருமா?

மஞ்சக்குப்பம் டீச்சர் | 6 ஏப்ரல், மாலை 4.18

வரும்.

ஸ்கேனுக்கு மூணு மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிடாதீங்க. மோர்கூட வேணாம். போன தடவை ரிப்போர்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க.